கேமரன் மலையில் நடக்காத போர்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சடக்கு 1931இல் திறக்கப்பட்டது. வயிறு கலங்காமல் அதில் ஏறி முடித்தவர் குறைவு. சிம்பாங் பூலாய் வழியாக அகலமான இன்னொரு பாதை இருக்கிறது. அவசரக்காரர்கள் அதில் போகலாம். பழைய வழியில் போனால் வளைவுக்கு வளைவு ஓராங் அஸ்லிப் பழங்குடியினர் மூங்கில் கொட்டகை போட்டு, மலைத்தேனும் பெத்தாய்க் காயும் விற்கிறார்கள். அதற்காகவாவது அதில் போகவேண்டும். பேராக் எல்லை முடிந்து பகாங் தொடங்கியதும் காற்று மாறுகிறது. ரிங்லெட் வந்தால் காடு ஒதுங்கி, மலைச்சரிவு முழுக்கக் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள்.

இங்கே வருகிறவர்கள் ஸ்ட்ராபெரிக்கும் குளிருக்கும் வருகிறார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நான் ஒரு போரை நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் போர் இந்த மலைக்கு ஏறி வரவில்லை. ஆனாலும் இந்த மலையை இன்று யார் நிர்வகிக்கிறார்கள், இந்தச் செடிகளில் யார் கொழுந்து வெட்டுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிப் போனால் அந்தப் போரில்தான் போய் முட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எண்ணெய் வளமுள்ள இரண்டு முஸ்லிம் நாடுகள், பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஒரு பக்கம் புரட்சி முழக்கம், சர்வாதிகாரம், எல்லையில் துப்பாக்கிச் சூடு. இப்படிச் சொன்னதும் யாருக்கும் ஈரானும் ஈராக்கும்தான் நினைவுக்கு வரும். 1979இல் ஈரானில் புரட்சி, 1980 செப்டம்பரில் சதாம் உசேனின் படையெடுப்பு, எட்டு ஆண்டுகள், பல லட்சம் பிணங்கள். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே அதே சாயலில் ஒரு போர் நம் மக்கள் வாழும் இந்த வட்டாரத்தில் நடந்தது. இந்தோனேசியா அதற்குக் 'கொன்ஃப்ரொன்தாசி' என்று பெயர் வைத்தது. போர் என்று யாரும் அறிவிக்கவில்லை.

அதன் முதல் வெடி புருணையில் வெடித்தது. சிரியாவில் 1929இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு புருணை என்ற சிறு சுல்தானியம் பிரிட்டனுக்குக் கண்மணி ஆயிற்று. (இந்தச் சிரியா புருணையின் கடலோர ஊர். தமஸ்கு இருக்கும் நாடு அல்ல.) 1961 மே மாதத்தில் மலாயாப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புருணை ஐந்தையும் சேர்த்து மலேசியா என்ற நாடு அமைக்கலாம் என்றார். புருணையில் தேர்தலில் வென்ற மக்கள் கட்சிக்கு அது பிடிக்கவில்லை. அதன் தலைவர் அஸகாரியின் ஆட்கள் 1962 டிசம்பர் 8 அன்று ஆயுதம் எடுத்து எண்ணெய் வயல்களைப் பிடித்தார்கள். சிங்கப்பூரிலிருந்து கூர்க்காக்களும் பிரிட்டிஷ் படைகளும் பறந்து வந்து சில நாட்களில் அடக்கிவிட்டன. அன்று பிறப்பித்த அவசரநிலை புருணையில் இன்றுவரை புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வருகிறது. சுல்தான் கடைசியில் மலேசியாவிலும் சேரவில்லை. எண்ணெய் வருமானத்தை யார் வைத்துக்கொள்வது, அரசர்களின் வரிசையில் தனக்கு எத்தனையாவது இடம் என்ற இரண்டிலும் பேச்சு முறிந்தது. குவைத் மீது ஈராக்கின் ஆட்சியாளர் காசிம் உரிமை கோரியதும், பிரிட்டிஷ் படை குவைத்தில் இறங்கியதும் 1961இல்தான். எண்ணெய்க் கிணறு உள்ள சிறு அரசுகளின் ஜாதகம் எங்கும் ஒன்றுபோலவே எழுதப்பட்டிருக்கிறது.

ஜகார்த்தாவில் இந்தோனேசிய அதிபர் சுகர்னோ, மலேசியா அமைக்கும் திட்டத்தைப் புரட்சிக்கு எதிரான பிரிட்டிஷ் சதி என்றார். 1960இல் நாடாளுமன்றத்தைக் கலைத்தவர் அவர். 1963 மே மாதம் வாழ்நாள் அதிபர் என்று பட்டம் சூட்டிக்கொண்டவர். அவருடைய வெளியுறவு அமைச்சர் சுபாந்திரியோ 1963 ஜனவரியில் மலேசியாவை எதிர்ப்போம் என்று அறிவித்தார். செப்டம்பர் 16 அன்று மலேசியா பிறந்தது. இரண்டு நாள் கழித்து ஜகார்த்தாவில் பிரிட்டிஷ் தூதரகம் தீக்கிரையானது. மலாக்கா நீரிணையின் இரு கரையிலும் ஏறத்தாழ ஒரே மொழி, ஒரே மதம், பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. சண்டை என்று வந்தால் பங்காளிச் சண்டைதான் மூர்க்கமாக இருக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரிங்லெட்டுக்கு மேலே சுல்தான் அபு பக்கார் அணை. அதே 1963இல் கட்டி முடித்த அணை. நான் பார்த்தபோது தண்ணீரைவிட வண்டலே அதிகமாகத் தெரிந்தது. கரையோரம் மண் அள்ளும் இயந்திரங்கள் நின்றன. இந்த அணைக்குத் திரும்பி வருகிறேன்.

ஹாபுவில் போ தேயிலைத் தோட்டம். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர், இலங்கையில் தேயிலை போட்டுப் பழகிய மில்ன் என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு தொடங்கியது. காட்டை அழித்ததும், சரிவில் குழி வெட்டியதும், கன்று நட்டதும் தமிழ்க் கூலிகள். தோட்டத்துக்குள் லயங்கள் இன்னும் இருக்கின்றன, தமிழ்ப் பள்ளி இருக்கிறது, கோயில் இருக்கிறது. லயத்து வாசலில் காய்ந்துகொண்டிருந்த சட்டைகளில் மட்டும் நம் ஆட்களுடையவை குறைவு.

தோட்டத்துக்கு வெளியே மகன் கட்டிய வீட்டில் இருக்கும் ஒரு மூதாட்டியைப் பார்க்க நண்பர் அழைத்துப் போனார். பதினான்கு வயதில் கொழுந்துக் கூடை தூக்கி, ஓய்வு பெறும்வரை இறக்காதவர்.

"பசியாறிட்டீங்களா தம்பி?" என்றுதான் பேச்சைத் தொடங்கினார்.

"ஆச்சும்மா. சுகர்னோ சண்டைக் காலத்துல நீங்க இங்கதான் இருந்தீங்களா?"

"இங்கதான். எனக்கு அப்ப கல்யாணமாகி ஒரு புள்ள. ரேடியோல சொல்லுவாங்க. ஜொகூர்ல ஆளுங்க குடை புடிச்சுக்கிட்டு வானத்துலேருந்து குதிச்சாங்களாம். எங்க மாமியார் ராத்திரி வெளிய போறதுக்கே விடமாட்டாங்க. மேல பார்த்து நடங்கடின்னுவாங்க. இந்தப் பனியில மேல பார்த்தா என்ன தெரியும்?"

மாமியார் பயந்ததில் தப்பில்லை. 1964 ஆகஸ்ட் 17, இந்தோனேசியச் சுதந்திர நாளன்று, ஏறக்குறைய நூறு பேர் படகில் வந்து ஜொகூரின் பொந்தியான் கரையில் இறங்கினார்கள். செப்டம்பர் 2 அன்று லாபிஸ் வட்டாரத்தில் 96 பேர் பாராசூட்டில் குதித்தார்கள். லாபிஸைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள். பால்மரம் வெட்டப் போகும் நம் ஜனங்கள் அதிகாலை இருட்டிலேயே கிளம்புகிறவர்கள். மலாய்க் கிராமங்கள் எழுந்து நின்று தங்களை வரவேற்கும் என்று வந்தவர்கள் நம்பினார்கள். யாரும் எழவில்லை. சில வாரங்களில் பெரும்பாலோர் பிடிபட்டார்கள், மற்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

உண்மையான சண்டை தொலைவில், சரவாக், சபா காடுகளில் நடந்தது. பிரிட்டிஷ், கூர்க்கா, ஆஸ்திரேலியப் படைகள் ரகசியமாக எல்லை தாண்டி இந்தோனேசிய மண்ணுக்குள் போய் அடித்தன. 'கிளாரெட்' என்று பெயரிட்ட அந்த நடவடிக்கைகளை லண்டன் 1974இல்தான் ஒப்புக்கொண்டது. அடித்தவன் வெளியே சொல்லவில்லை, அடிபட்டவனும் சொல்லவில்லை. இரு தரப்பும் வாய் மூடியிருந்ததால் போர் பெரிதாகாமல் போயிற்று என்பது என் கணிப்பு. ஈரானும் ஈராக்கும் ஒவ்வொரு அடியையும் உலகத்துக்கு அறிவித்துக்கொண்டே அடித்துக்கொண்டவை. பிரிட்டிஷ் கணக்கில் கொன்ஃப்ரொன்தாசியில் இறந்த இந்தோனேசியர் 590 பேர், எதிர்த் தரப்பில் 114 படைவீரர்கள், பொதுமக்கள் 36 பேர்.

எண்ணெய் இதில் என்ன செய்தது என்று கேட்டால், ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். ஏகாதிபத்தியத்தை நசுக்குவோம் என்று சுகர்னோ முழங்கிய அதே 1963இல் அவருடைய அரசு டோக்கியோவில் உட்கார்ந்து கால்டெக்ஸ், ஸ்டான்வாக், ஷெல் நிறுவனங்களோடு இலாபப் பங்கீட்டை 60க்கு 40 என்று பேசி முடித்தது. சுமாத்ராவின் கிணறுகளில் அமெரிக்க எந்திரங்கள் ஒரு நாளும் நிற்கவில்லை. பணவீக்கம் மட்டும் தலைக்கு மேல் போனது. அரிசி வாங்க முடியாத ஜனத்துக்குப் புரட்சியும் போரும் பரிமாறப்பட்டன.

சர்வதேச மேடையில் இந்தப் போரில் மலேசியாவுக்காக வாதாடியவர்களில் ஒருவர் தமிழர் என்பதை மலேசியத் தமிழரிலேயே பலர் மறந்துவிட்டார்கள். கோலாலம்பூர் வழக்கறிஞர் ராதாகிருஷ்ண ரமணி 1964இலிருந்து ஐ.நா.வில் மலேசியாவின் நிரந்தரப் பிரதிநிதி. 1965 ஜனவரியில் மலேசியாவுக்குப் பாதுகாப்பு மன்றத்தில் இடம் கிடைத்தது. அந்தக் கோபத்தில் சுகர்னோ ஐ.நா.வை விட்டே வெளியேறினார். அந்த ஆண்டு மே மாதம் மன்றத்தின் தலைமை நாற்காலியில் ரமணி உட்கார்ந்தார். செப்டம்பரில் இந்தியா - பாகிஸ்தான் போர் பற்றி அவர் பேசியது பாகிஸ்தானுக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த மாதம் பாகிஸ்தான் மலேசியாவோடு உறவை முறித்துக்கொண்டது. ஒரு முஸ்லிம் நாடு இன்னொரு முஸ்லிம் நாட்டின் உறவை ஒரு தமிழ் வக்கீலின் பேச்சுக்காக அறுத்தது என்பதை, மதத்தை வைத்தே உலக அரசியலை அளக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

தானா ராத்தாவில் இரவு தங்கினேன். ஊரில் யாரைக் கேட்டாலும் ஜிம் தாம்சன் கதையைச் சொல்லிவிடுவார்கள். தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர், பழைய உளவுத் துறை ஆள். 1967 மார்ச் 26 அன்று மூன்லைட் பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவில்லை. புலியா, கடத்தலா, உளவா என்று புத்தகத்துக்கு மேல் புத்தகம். எனக்கு அந்தக் கதையில் சுவாரசியம் இல்லை. ஒரு வெள்ளைக்காரர் தொலைந்ததற்கு இத்தனை எழுத்து. நீரிணைக்கு அந்தப் பக்கம் அதற்குச் சற்று முன்னால் தொலைந்தவர்களுக்கு இன்னும் சரியான பட்டியல்கூட இல்லை.

1965 செப்டம்பர் 30 இரவு ஜகார்த்தாவில் ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள். பழி கம்யூனிஸ்ட் கட்சி மீது விழுந்தது. தளபதி சுகார்த்தோ எழுந்தார். அதே சுகார்த்தோதான் மலேசிய எதிர்ப்புப் படையில் துணைத் தளபதியாக இருந்துகொண்டே, அலி முர்தோபோ என்ற தன் நம்பிக்கையாளர் மூலம் கோலாலம்பூருக்கு ரகசியமாகச் சமாதானத் தூது அனுப்பிக்கொண்டிருந்தவர். அடுத்த சில மாதங்களில் இந்தோனேசியாவில் கொல்லப்பட்டவர்கள் ஐந்து லட்சத்துக்குக் குறையாது என்பது பெரும்பாலான ஆய்வாளர் கணிப்பு. மூன்றாண்டுப் போரில் எல்லையின் இரு பக்கமும் விழுந்த உயிர்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துப்பாக்கிகள் மலேசியாவை நோக்கி நீட்டப்பட்டிருந்தன. வெடித்தபோது குண்டு சொந்த வீட்டுக்குள் பாய்ந்தது.

இறந்தவர்களில் தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம். வட சுமாத்ராவில் ரப்பர், தேயிலை, செம்பனைத் தோட்டங்களில் 'சார்புப்ரி' என்ற தொழிற்சங்கம் பலமாக இருந்தது. அது கம்யூனிஸ்ட் கட்சிக்கு நெருக்கமானது. சந்தாப் புத்தகத்தில் பெயர் இருந்ததே பலருக்கு மரண ஓலை ஆயிற்று. மேடானிலிருந்து பினாங்கு கூப்பிடு தூரம்.

இந்தப் பக்கத்தில் அந்தக் கணக்கு முன்னாலேயே தீர்க்கப்பட்டிருந்தது. 1948இல் மலாயாவில் அவசரநிலை வந்தபோது இடதுசாரித் தொழிற்சங்கங்கள் தடை செய்யப்பட்டன. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு 1954இல் எல்லாத் தோட்டச் சங்கங்களும் ஒன்றாகி அரசுக்கு உவப்பான ஒரு பெரிய சங்கம் வந்தது. அதனால்தானோ என்னவோ, 1964இல் சுகர்னோவின் புரட்சி அழைப்பு வானொலியில் வந்தபோது கொழுந்து மலையில் யாரும் காது கொடுக்கவில்லை. மூதாட்டியிடம் கேட்டேன், அந்த அழைப்பில் யாருக்காவது ஆசை இருந்ததா என்று.

"புரட்சியா? எங்கப்பாவுக்குச் சிவப்பு ஐசி தம்பி. வாயத் தொறந்தா கப்பல்ல ஏத்திடுவானுங்கன்னு பயம். அப்புறம் வாயத் தொறக்காமலேயே ஏத்தினாங்க."

1969 கலவரத்துக்குப் பிறகு சிவப்பு அட்டைக்காரர்கள், அதாவது குடியுரிமை இல்லாதவர்கள், வேலை செய்ய உரிமம் வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. பல பத்தாயிரம் தமிழர்கள் தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர் அப்பா திருச்சிப் பக்கம் போய், அங்கே யாரையும் தெரியாமல், மூன்றாம் ஆண்டு இறந்துபோனார். இந்த நாட்டைக் காக்க அணிதிரளுங்கள் என்று 1964இல் கேட்டவர்கள், ஐந்து ஆண்டு கழித்து அதே மனிதரிடம் நீ எந்த நாடு என்று கேட்டார்கள். இதை நான் சொன்னால் மிகைபோலத் தெரியும். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மறுநாள் சுங்கை பாலாஸ் தோட்டம். பிரிஞ்சாங்கைத் தாண்டி மேலே குறுகலான பாதை. எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆகவேண்டும். சரிவில் இருவர் இருவராக, கொழுந்து வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு செடிமேல் நகர்கிறார்கள். கூடையும் விரலும் போய்விட்டன. வங்காளதேசத்தவர், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். லொம்போக் தீவிலிருந்து வந்த ஓர் இளைஞனோடு என் ஓட்டை மலாயில் கொஞ்சம் பேசினேன். கொன்ஃப்ரொன்தாசி பற்றிப் பள்ளியில் படித்திருக்கிறானா? படித்தானாம். யார் ஜெயித்தது? அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வரிசை தள்ளி ஒரு நேப்பாளி. போர்னியோ காட்டில் இந்தோனேசியரோடு சண்டையிட்ட கூர்க்காக்களின் ஊர்க்காரன். இருவருக்கும் நிறுவைச் சீட்டு ஒரே மேசையில்.

சமாதானம் 1966 ஆகஸ்ட் 11 அன்று ஜகார்த்தாவில் கையெழுத்தானது. அடுத்த ஆண்டே இரு நாடும் ஆசியானில் ஒன்றாக உட்கார்ந்தன. 1984இல் மேடானில் ஓர் ஒப்பந்தம் போட்டு இந்தோனேசியத் தொழிலாளர்களைச் சட்டப்படி மலேசியத் தோட்டங்களுக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. 1964இல் பாராசூட்டில் வந்து முடியாதது, இருபது ஆண்டில் கடவுச்சீட்டோடு நடந்தது. தமிழர் காலி செய்த லயங்களில் அவர்கள் குடியேறினார்கள். அஸகாரி புருணைக்குத் திரும்பவே இல்லை; போகோரில் வாழ்ந்து 2002இல் இறந்தார். அதிகாரத்தைச் சுகார்த்தோவுக்கு மாற்றிக் கொடுத்த 1966 மார்ச் 11 உத்தரவில் சுகர்னோ கையெழுத்திட்டதும் அதே போகோரின் அரண்மனையில்தான். போகோரைத் தாண்டி மேலே ஏறினால் புஞ்சாக். அங்கேயும் சரிவெல்லாம் தேயிலை.

இனி அணை. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் அணை நிரம்பித் தண்ணீர் திறக்கப்பட்டபோது கீழே பெர்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியது. வீடுகள் போயின, உயிர்களும் போயின. மேலே மலையைச் சுரண்டிப் போட்ட சட்டவிரோதக் காய்கறித் தோட்டங்களின் மண் அணையில் நிரம்பியிருந்ததும் ஒரு காரணம் என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். நிலத்துக்கு அனுமதி கொடுப்பது மாநிலம், கொட்டகைகளைக் கவனிக்க வேண்டியது மாவட்ட மன்றம், அணை மின்வாரியத்துடையது. யாரைக் கேட்பது?

மாவட்ட மன்றத்தைக் கேட்கலாம் என்றால், அதன் உறுப்பினர்களை இந்த மலையில் யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. எல்லோரும் நியமனம். ஒரு காலத்தில் அப்படி இல்லை. 1957இல் ஜார்ஜ் டவுனின் முதல் மேயராக வந்த டி.எஸ். ராமநாதன் தேர்தலில் வென்ற மன்றத்தின் தலைவர். கிராமச் சபைகள்வரை தேர்தல் நடந்த நாடு இது. 1965 மார்ச் 1 அன்று, இந்தோனேசியாவோடு மோதல் நடக்கிறது, தேர்தலுக்கு இது நேரமல்ல என்று உள்ளாட்சித் தேர்தல்களை அரசு நிறுத்தி வைத்தது. தற்காலிகம் என்றுதான் சொன்னது. எதிர்க்கட்சிகள் பல நகரங்களைப் பிடித்து வைத்திருந்தன என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

உள்ளாட்சி நிலையை ஆராய அதே ஆண்டு ஓர் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். அவர் மனைவி ஜானகி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் அதிகாரியாக இருந்தவர். ஆணையம் ஊர் ஊராகக் கேட்டு, தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று 1968இல் அறிக்கை கொடுத்தது. அறிக்கை 1971 டிசம்பரில்தான் வெளியே வந்தது. பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976இல் உள்ளாட்சிச் சட்டம் வந்து தேர்தலுக்கே இடமில்லாமல் செய்துவிட்டது. போர் முடிந்து அப்போது பத்து ஆண்டு. சுகர்னோ இறந்து ஆறு ஆண்டு.

நாடாளுமன்றத்துக்கு மட்டும் இங்கே ஓட்டு உண்டு. கேமரன் மலைத் தொகுதி மலேசிய இந்தியக் காங்கிரஸின் (ம.இ.கா.) கோட்டையாக இருந்தது. 2018இல் வென்ற அதன் வேட்பாளரின் வெற்றியை நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்று, நாட்டின் முதல் ஓராங் அஸ்லி நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். அது நல்ல செய்தி. ஆனால் சந்தில் தேங்கும் தண்ணீருக்கும் கடை உரிமத்துக்கும் நாடாளுமன்றம் போக முடியாது.

இறங்கும் வழியில் ரிங்லெட்டில் ஓர் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்தேன். கடைக்காரர் பினாங்கு இந்திய முஸ்லிம். அவருடைய தாத்தா சுமாத்ராவின் பெலாவான் துறைமுகத்தோடு மிளகு, பாக்கு வியாபாரம் செய்தவராம். கொன்ஃப்ரொன்தாசியில் சுமாத்ரா வாணிபம் அறுந்தபோது பினாங்கில் படுத்துப்போன கடைகளில் அதுவும் ஒன்று. குடும்பம் மலையேறியது அப்படித்தான். கடைக்கு எதிரே சாக்கடை உடைந்து ஆறு மாதமாகிறது, மன்றத்துக்கு மூன்று மனு போட்டாயிற்று என்றார். அந்தப் பகுதிக்கான மன்ற உறுப்பினர் யார் என்று கேட்டேன்.

கல்லாவிலிருந்து மகனைக் கூப்பிட்டுக் கேட்டார். மகனுக்கும் தெரியவில்லை. "மாறிட்டாங்க போலிருக்கு, வாப்பா" என்றான்.